வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்

எதைக் கையில் கொடுத்தாலும் அந்த அக்கா முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பால் பாக்கெட், பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த சீருடை, காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரை அட்டை என்று எதுவானாலும் அவர் தலைக்கு மேலே ஒரு முறை போய்விட்டுத்தான் கீழே இறங்கும். என்னுடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் அப்படிப் போய் வந்தது.

நான் முதலில் நகல்தான் கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"ஜெராக்ஸ்ல என்னத்த வேணும்னாலும் அடிச்சுக்கிடலாம்லா? ஒரிஜினல் இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா பேக்கிங்கில் பனியன் மடிக்கிறார். இரண்டு பேரும் பஸ்ஸின் நிறத்தையும் முன்னால் நிற்கும் கூட்டத்தையும் பார்த்துத்தான் ஏறுவார்கள். அந்தச் சான்றிதழை அம்மா பிளாஸ்டிக் உறை போட்டு, ரேஷன் கார்டுக்கு மேலே, பட்டுச்சேலைக்குக் கீழே வைத்திருந்தார். அதுவரை அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டித்தான் இருக்கிறார்கள். திரும்பிப் போய் எடுத்துவந்தேன். அக்கா அதை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார், பின்பக்கம் திருப்பினார், ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கணக்குல முழுசா எடுத்திருக்க. தமிழ்ல ஏன் கொறஞ்சிருக்கு?"

"ரெண்டு மார்க்குதானுங்கக்கா."

"ரெண்டுன்னாலும் கொறஞ்சிருக்குல்ல. நாளைல இருந்து வா."

இப்படித்தான் நான் அவர் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன். அப்போது கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதியது தெரிந்தால், "பேரப் போட்டு வச்சா எவன் எதுக்கு எடுத்துக்கிடுவான்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்பார். நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு அடுத்து வாடகை அறைகள் வரிசையாக இருந்த காம்பவுண்டில் அவரை எஸ்தரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். எஸ்தர் அவருடைய ஒரே மகள். ஐந்தாம் வகுப்பு.

எஸ்தரம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் டீ சர்ட்டின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, கையை உள்ளே விட்டு விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் எது தெரிந்தாலும் அங்கே அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, பீசைத் தனியே போட வேண்டும். நல்ல பீசுக்கு எந்தக் குறியும் கிடையாது. அது பேசாமல் மடிக்கப் போய்விடும்.

அந்த வேலைதான் அவரை அப்படி ஆக்கிவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதே டேபிளில் நின்று அதே வேலையைச் செய்கிற மற்றப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு, கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். காபியை மோந்து பார்த்துவிட்டுக் குடித்தவர் இவர் ஒருவர்தான். குணத்துக்குத் தகுந்த வேலை அமைந்துவிட்டது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

எஸ்தருக்கு நான் ஏன் தேவைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தெற்கே கடலோரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் கணவருக்கு நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட். பகலில் தூங்குவார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எஸ்தரை ஊருக்கு அனுப்பி, பெரியப்பா வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதாக அண்ணனும் தம்பியும் பேசி முடித்திருந்தார்கள். வளர்கிற பெண்பிள்ளை நாள் முழுக்கக் காம்பவுண்டில் தனியாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் பெரியப்பா வீட்டில் கைக்குழந்தையையும் சேர்த்து மூன்று சின்னப் பிள்ளைகள்.

"படிக்கவா கூப்புடுதாவ? புள்ள தூக்க ஆளு வேணும்னு கூப்புடுதாவ" என்றார் எஸ்தரம்மா, தூங்குகிற கணவருக்குக் கேட்காத குரலில்.

இன்னொரு வழியும் இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு விடுதிப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம். நுழைவுத் தேர்வில் தேற வேண்டும். இடங்கள் கொஞ்சம்தான், எழுதுகிறவர்கள் ஏராளம். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சொன்னதைக் கேட்டு இவர் விண்ணப்பம் போட்டிருந்தார். "எழுதட்டும். கெடச்சா அங்க, இல்லன்னா ஊருக்கு" என்று கணவர் சம்மதித்திருந்தார். எப்படியும் கிடைக்காது என்கிற தைரியத்தில் சொன்ன சம்மதம் அது என்று எஸ்தரம்மாவுக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

தேர்வைப் பற்றிக் காம்பவுண்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்பது முதல் நாளே எனக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. தெரிந்தால் ஆளாளுக்கு விண்ணப்பம் போட்டு விடுவார்களாம். யாராவது கேட்டால் எஸ்தர் இந்தி படிக்கிறாள் என்று சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில், கடைசி அறையில் இருந்த பீகார்க்காரப் பெண் ஆசையாக எஸ்தரிடம் இந்தியில் ஏதோ கேட்டார். எஸ்தர் திருதிருவென்று முழித்தாள்.

"இப்பத்தான் எழுத்துப் படிக்கா. பேச்சு அடுத்த வருசம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார் எஸ்தரம்மா.

பாடம் நடக்கும்போது அவர் நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கணவர் விழித்துவிடக் கூடாது என்று நாங்கள் கிசுகிசுவென்று கணக்குப் போடுவோம். வெளியே இருந்து பார்த்தால் மூன்று பேரும் திருடத் திட்டம் போடுவதுபோல் இருந்திருக்கும். கேள்விகள்மீதே அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிரம்பும் என்று ஒரு கணக்கு. அவர் அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"ரொப்பும்போதே எவனாவது கீழ தொறந்து உடுவானா? அதுவும் இந்த ஊர்ல? இதுல என்னமோ ஏமாத்து இருக்கு."

"கணக்குக்காகச் சொல்றதுங்கக்கா."

"அப்ப கணக்குக்காக என்ன வேணும்னாலும் சொல்லுவானா?"

எஸ்தர் அம்மாவிடம் தெற்கத்தித் தமிழும் என்னிடம் எங்கள் ஊர்த் தமிழும் பேசுவாள். "அம்மா, பேசாம இரி" என்று அங்கே அதட்டிவிட்டு, "நீங்க சொல்லுங்கக்கா" என்று இங்கே திரும்புவாள். மனத்திறன் பகுதியில் அவளை யாரும் அசைக்க முடியாது. நான்கு படங்களில் பொருந்தாத ஒன்றைக் கண்டுபிடி என்றால், நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விரல் அங்கே போய்விடும். அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளை தப்பாகப் போட்டால் அவர் முகம் மாறாது. சரியாகப் போட்டால்தான் பிரச்சினை. ஒரு முறை நான் வைத்த தேர்வில் எஸ்தர் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டாள். எஸ்தரம்மா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ வாய அசைச்சியோ?"

"நான் எதுக்குங்கக்கா அசைக்கறேன்?"

"ஒரு தப்புகூட இல்லையே. அது எப்படி?"

மறுநாள் அவரே எண்களை மாற்றி அதே கணக்குகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் பாதி தீராத கணக்குகள். வகுத்தால் தசமத்துக்கு மேல் தசமமாக ஓடியது. எஸ்தர் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. கல்லூரியில் பரீட்சை என்று நான் வராத ஒரு வாரத்தில், ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே படித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் போனார்.

"வாங்க, வாங்க. ஊட்டுக்கு வந்துட்டு வாசல்லயே நிக்கறீங்களே. புள்ளைக்குப் பரிச்சைங்க, அதான் வர முடியல. காப்பி வெக்கட்டுங்களா?"

"வேண்டாங்க. இப்படிப் போனேன், பாத்துட்டுப் போலாம்னு" என்று சொல்லிக்கொண்டே எட்டி என்னைப் பார்த்தார். என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அது பாடப்புத்தகம்தானா என்று அட்டையையும் பார்த்தார். அவர் போன பிறகு அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை முடிந்த அன்றே போய்ச் சொல்லிவிட்டேன்.

"என்னைய நம்பலைன்னா வேற ஆளப் பாத்துக்குங்கக்கா."

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"நம்பலன்னு யாரு சொன்னா? பாத்தேன். பாக்கதுக்கும் நம்பாததுக்கும் என்ன இருக்கு? பாத்தாத்தான எடுக்க முடியும்."

கோபத்தோடு போனவள் உட்கார்ந்து பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அவர் சந்தேகத்தில் ஒரு நியாயம் இருந்தது. ஆளுக்குத் தகுந்தபடி அது கூடிக் குறையாது. என் சான்றிதழ், பால் பாக்கெட், சர்ச்சிலிருந்து வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு பெரியவர் எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

எல்லாச் சந்தேகமும் சரியாகப் போனதாக நினைக்க வேண்டாம். பெருமாநல்லூரில் இந்தத் தேர்வுக்கென்றே ஒரு பயிற்சி மையம் இருந்தது. நான் சொல்லிக்கொடுப்பது போதாதோ என்று சந்தேகம் வந்து, என்னையே கூட்டிக்கொண்டு அங்கே போனார். சுவர் முழுக்கத் தேர்வான பிள்ளைகளின் படங்கள். எஸ்தரம்மா ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்றார். பிறகு என் காதில் சொன்னார்.

"எல்லாப் பயலும் ஒரே சட்டையப் போட்டிருக்கான். காலர்ல அதே தையல் வெலகல். ஒருத்தனையே வச்சு எல்லாத்தையும் எடுத்திருக்கானுவ."

"ஸ்டுடியோல ஒரே சட்டையத்தானுங்கக்கா எல்லாத்துக்கும் மாட்டி விடுவாங்க. மூஞ்சியப் பாருங்க, வேற வேற புள்ளைங்க."

அவர் முகங்களைப் பார்த்திருக்கவே இல்லை. பார்த்த பிறகும் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப அதக் கீழ எழுதிப் போடலாம்லா?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிட்டார். நல்ல மையம்தான் அது.

தேர்வு நெருங்கியபோது நடந்தது எங்கள் மூன்று பேரையும் கலங்க வைத்தது. கணினி திருத்துகிற விடைத்தாளின் நகல் ஒன்றை எஸ்தருக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டங்கள். சரியான விடைக்குரிய வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் தலை நிமிராமல் எழுதி முடித்துக் கொடுத்தாள். தாளைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாள் முழுக்கக் கறுப்பாக இருந்தது. ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று வட்டங்களை நிரப்பி, ஒன்றை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். வெறுமையாக விட்டது எல்லாம் சரியான விடை.

"என்ன கண்ணு இது?"

"தப்பெல்லாம் மார்க் பண்ணிட்டனுங்கக்கா."

"சரியானதத்தான மார்க் பண்ணோணும்?"

"நல்லதுல எதுக்குங்க மார்க் பண்றாங்க?" என்று கேட்டாள்.

நான் நிலைப்படியைப் பார்த்தேன். எஸ்தரம்மா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் இல்லாத நேரங்களில் அவர் கம்பெனியில் மிச்சமாகும் சிவப்பு ஸ்டிக்கரைக் கொண்டுவந்து மகளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார். நான்கு விடைகளில் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட வேண்டும். குறை தெரிகிற விடைமேல் அம்பை ஒட்ட வேண்டும். கடைசியில் அம்பு விழாமல் தப்பிப்பதுதான் விடை. வழிமுறை மோசமில்லை. பிள்ளைக்குக் கை வேகமும் கூடியிருந்தது. ஆனால் இந்தக் கையோடு தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்தால் அவள் அறிந்த அத்தனை விடைக்கும் பூஜ்யம்தான் கிடைக்கும். நேராகப் பெரியப்பா வீடு.

"மெஷினுக்கு நல்லது எது கெட்டது எதுன்னு தெரியாதா?" என்றார் எஸ்தரம்மா. குரல் இறங்கியிருந்தது.

"கறுப்பு எங்க இருக்குதுன்னு மட்டுந்தானுங்க அதுக்குத் தெரியும்."

"அது தப்பாப் படிச்சா? அத எவன் செக் பண்ணுவான்?"



ஸ்டிக்கர்களை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனாலும் அவசரத்தில் எஸ்தரின் பேனா தப்பான வட்டத்துக்கே ஓடியது. இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் எனக்கு என் அம்மாவின் வேலை நினைவுக்கு வந்தது. "இது செக்கிங் இல்ல கண்ணு, பேக்கிங். பெட்டிக்கு மேல கறுப்பு மார்க்கர்ல எழுதறாங்கள்ல? எது வெளியூருக்குப் போவுதோ அதுக்கு மட்டும் கறுப்பு. செக்கிங்க மனசுக்குள்ள முடிச்சுக்க" என்றேன். எஸ்தர் யோசித்தாள். அடுத்த தாளில் ஒரு கேள்விக்கு ஒரு கறுப்புதான் இருந்தது. அந்த யோசனையில் எனக்கு இன்னும் பெருமை உண்டு.

தேர்வன்று பிள்ளைகள் வெளியே வந்தபோது எல்லா அம்மாக்களும் நல்லா எழுதினியா என்று கேட்டார்கள். எஸ்தரம்மா, "எத்தன தப்பு?" என்று கேட்டார்.

"தெரிஞ்சு ஒண்ணுமில்ல. தெரியாம இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் எஸ்தர்.

தேர்வு முடிவு என் செல்போனில் வந்தது. எஸ்தரின் எண் அதில் இருந்தது. நான் ஓடிப்போய்க் காட்டினேன். எஸ்தர் குதித்தாள். கணவர் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். எஸ்தரம்மா செல்போனை வாங்கி, பழக்கத்தில் அதையும் ஒரு முறை உயர்த்திப் பார்த்தார்.

"என்னத்துக்குக் குடுக்காவ?"

"என்னதுங்கக்கா?"

"சோறு சும்மா, துணி சும்மா, படிப்பு சும்மா. நம்ம புள்ளைக்கு என்னத்துக்குக் குடுக்காவ? எதுலயோ டேமேஜ் இருக்கும்."

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. ஊரிலிருந்து கணவரின் அண்ணன் போனில் பேசினார். பொம்பளப் புள்ளைய முன்னப்பின்னத் தெரியாத ஹாஸ்டல்ல விடுவியா, செய்தியில என்னவெல்லாம் வருது, நீதான் யாரையும் நம்ப மாட்டியே என்று கேட்டிருக்கிறார். மகளுக்கு இடம் வாங்கித் தந்த சந்தேக குணத்தை வைத்தே அந்த இடத்தைப் பறிக்க அண்ணனுக்கு வழி தெரிந்துவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. சேர்க்கைக்குக் கடைசி நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. "போய்ப் பாத்துரலாம்" என்று எஸ்தரம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

வார்டன் ஐம்பது வயதுப் பெண்மணி. முதலில் சிரித்துக்கொண்டுதான் விடுதியைச் சுற்றிக் காட்டினார். எஸ்தரம்மா தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தார். பருப்பை மோந்தார். ஜன்னல் கம்பியை ஆட்டினார். இரவில் எந்தக் கதவை யார் பூட்டுவார்கள், சாவி யாரிடம் இருக்கும், காவலாளி எதுவரை வருவார் என்று கேட்டார். வழியில் வந்த ஒரு மாணவியிடம், "இங்க நல்லாருக்கா?" என்று கேட்காமல், "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட? மிச்சம் வச்சியா?" என்று கேட்டார். வார்டனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"ஏம்மா, நீங்க என்ன இன்ஸ்பெக்சனுக்கு வந்திருக்கீங்களா?"

"ஆமாங்க" என்றார் எஸ்தரம்மா.

எனக்குத் தரைக்குள் போய்விடலாம்போல் இருந்தது. அடுத்து அவர் குளியலறைக் கதவு ஒவ்வொன்றையும் உள்ளே போய்ச் சாத்திப் பார்த்தார். கடைசிக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.

"அது உடஞ்சு ஒரு வாரமாச்சும்மா. ஆளுக்குச் சொல்லியிருக்கோம். அதுவரைக்கும் ஒருத்தி போனா இன்னொருத்தி வெளிய நிப்பா."

எஸ்தரம்மா தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டு நின்றார். வார்டன் அவரையே பார்த்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார்.

"வேற எதப் பாக்கணும், சொல்லுங்க. ஸ்டோர் ரூம், சிக் ரூம் எல்லாம் தொறக்கறேன். பாத்துட்டே போங்க."

எல்லாவற்றையும் திறந்து காட்டினார். எஸ்தரம்மாவும் எல்லாவற்றையும் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில், குறை கண்ணில் பட்டுவிட்டது, இனி அந்தப் பள்ளிக்கூடத்தை ஒதுக்கிவிடுவார் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவே நேரில் வந்துவிட்டார். பிள்ளையைக் கையோடு கூட்டிப் போகிற எண்ணம். சட்டை கசங்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எஸ்தருக்கு ஒரு பொட்டலம் அல்வா வாங்கி வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை.

"ஹாஸ்டலப் பாத்துட்டு வந்தியாமே. எப்படி இருக்கு?"

"குளிக்க எடத்துல ஒரு கதவுக்குத் தாழ்ப்பா இல்ல" என்று எஸ்தரம்மாவே சொன்னார்.

"பாத்தியா! நான் சொல்லல? தாழ்ப்பா இல்லாத எடத்துல வயசுக்கு வரப்போற புள்ளைய விடுவியா? சொந்தத்த நம்ப மாட்ட, ஊரான நம்புவியோ?"

"நான் அங்க ஒருத்தரையும் நம்பல அத்தான்" என்றார் எஸ்தரம்மா. "கேட்டேன், தொறந்து காட்டுனாவ. கொற இருந்துச்சு, அதையும் பாத்தேன். உங்க வீட்டுக்கு வந்து, எம்புள்ள எங்க படுக்கா, எப்பச் சாப்பிடுதா, புஸ்தகத்த எப்ப எடுக்கான்னு கேட்டா நீங்க தொறந்து காட்டுவியளா? 'என்ன, எங்க மேல சந்தேகமா'ன்னு கேப்பிய. உங்க வீட்டு அக்கா அழுவாவ. அதுக்கப்புறம் நான் எப்படிக் கேக்க? கேக்க முடியாத எடத்துல நான் எப்படி உடுவேன்?"

பெரியப்பா அல்வாப் பொட்டலத்தின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் சின்னதாகிப்போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாசற்படியில் நின்ற கணவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். அந்த வீட்டில் அவர் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"தாழ்ப்பாதான? நான் போயி மாட்டிக் குடுக்கேன்."

சேர்க்கை நாளில் அவர் சொன்னபடியே புதுத் தாழ்ப்பாளும் திருப்புளியுமாக வந்தார். அவர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தபோது நாங்கள் கேட்டருகே நின்றோம். எஸ்தர் அழவில்லை. பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு அம்மாவை விசாரித்தாள்.

"மாசத்துல மொத ஞாயித்துக்கிழமதான் பாக்க உடுவாவளாம். வருவியா?"

"வருவேன்."

"அன்னைக்கு கம்பெனில ஓவர்டைம் போட்டா?"

"போட்டாலும் வருவேன்."

"வருவேன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிடது?"

பிள்ளை எடுத்துப் பார்க்கும்படியாக எஸ்தரம்மா கையில் எதுவும் இல்லை. உள்ளே மணி அடித்தது. எஸ்தர் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு முறை திரும்பி அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம் என்று எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். எஸ்தரம்மா போகவில்லை. என்னையும் எழுப்பி, முதல் பஸ்ஸைப் பிடித்தார். பள்ளிக்கு முந்தின வளைவில் இறங்கி நடந்தபோதே விடுதியின் மாடி ஜன்னல் தெரிந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன உருவம் சாலையையே பார்த்து நின்றது. எங்களைக் கண்டதும் சட்டென்று மறைந்தது. படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் வெளியே கேட்டது.

வார்டன் கேட்டில் நின்றிருந்தார்.

"விடிஞ்சதுல இருந்து அந்த ஜன்னல்லயேதான் நிக்கறா. சாப்பிடக் கூப்பிட்டா, எங்கம்மா வராங்களான்னு பாத்துட்டு வரேங்கறா. வருவாங்கன்னு நான் சொன்னா நம்பவே மாட்டேங்கறா."

எஸ்தரம்மா என் பக்கம் திரும்பினார். தேர்வு முடிவு வந்த அன்றுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை.

"என்னையவே நம்பல, பாத்தியா!" என்றார்.